கவர் பிரிக்காத லைஃப் ஜாக்கெட்

மார்ச் 2, திங்கள்
கடையிலிருந்து

தம்பிக்கு,

நேற்றுக் காலை படகுத்துறையில் பெரிய படகின் சாவியைப் பிடுங்கி ஏரியில் எறிந்தது நான்தான். கை தவறி விழவில்லை. கோபத்தில் என்னை மறந்தும் எறியவில்லை. ஆழம் எங்கே தொடங்குகிறது என்று பார்த்து, அந்த இடத்துக்குக் குறி வைத்து எறிந்தேன்.

இதைப் போனில் சொல்லியிருப்பேன். நீ என் நம்பரைத் தடுத்து வைத்திருக்கிறாய். உன் அண்ணன் மூலம் சொல்லி அனுப்பலாம் என்றால், அவர் என் பேச்சுக்கும் தலையாட்டுகிறார், உன் பேச்சுக்கும் தலையாட்டுகிறார், கடைசியில் "நீங்களே பேசிக்கோங்க" என்று பேப்பரை எடுத்துக்கொள்கிறார். அவரைக் கட்டிக்கொண்டு இத்தனை வருஷம் குடும்பம் நடத்திய எனக்கு ஒரு கடிதம் எழுதுவது பெரிய காரியமில்லை. என்ஜின் ஆயில் பெட்டிக்குள் வைத்திருக்கிறேன். வாரம் மூன்று நாள் நம் சரக்கு லாரி அங்கே வருகிறது. பதில் எழுதினால் அதிலேயே போடு.

நடந்ததை நீ ஊரெல்லாம் ஒரு மாதிரி சொல்வாய் என்பதால் நான் பார்த்ததை எழுதிவைக்கிறேன். அந்தப் படகின் பின்பக்கம் தகட்டில் எட்டுப் பேர் என்று அடித்திருக்கிறது. நீ ஏற்றியது பதினொரு பேர். கம்பெனியிலிருந்து வந்த அந்தக் கறுப்புக் கண்ணாடிக்காரர் படகின் மூக்கில் உட்கார்ந்து காலைத் தண்ணீரில் தொங்கவிட்டுக்கொண்டிருந்தார். உன் பெண் பொடிசு யார் மடியிலோ இருந்தாள். லைஃப் ஜாக்கெட் எல்லாம் எங்கே என்று பார்த்தேன். பின் சீட்டுப் பெட்டிக்குள், பிளாஸ்டிக் கவர் பிரிக்காமல், கட்டாகச் சேர்த்துச் சணலால் கட்டி, அதன்மேல் மூன்று பேர் உட்கார்ந்திருந்தார்கள். நான் அவர்களை எழுப்பி, ஒன்றை உருவி, கத்தரியால் கவரைக் கிழித்துப் பொடிசுக்கு மாட்டினேன். அப்போது நீ என்ன சொன்னாய்?

"அண்ணி, கவரைக் கிழிக்காதீங்க! கிழிச்சா சரக்கு போச்சு. நாளைக்கு ஷெல்ஃபுக்குத் திரும்பணும்."

கண்ணாடிக்காரர் சிரித்தார். "என்னங்க மேடம், கரையோரமா ஒரு ரவுண்டு. இதுக்குப்போய் பஞ்சு மூட்டையா கட்டிக்கணுமா? போட்டோவுல நல்லாவா இருக்கும்?"

மூன்று பேர் இறங்காமல் கயிறு அவிழாது என்றேன். நீ என்னைப் பார்க்காமலே, "அண்ணி, நீங்க போய் கடையைப் பாருங்க" என்று சாவிக்குக் கை நீட்டினாய். என் கை முந்திக்கொண்டது. அவ்வளவுதான்.

மாற்றுச் சாவி கடைப் பெட்டியில் இருக்கிறது. எத்தனை பேர் ஏறுவார்கள் என்று எழுது, அனுப்புகிறேன்.

அண்ணி


மார்ச் 4, புதன்
படகுத்துறை

மதிப்பிற்குரிய முதலாளியம்மா அவர்களுக்கு,

கடிதம் கிடைத்தது. ஆயில் வழிந்து பாதி எழுத்து கலைந்திருந்தது. மிச்சப் பாதியே போதுமானதாக இருந்தது.

முழுகித் தேடிப் பார்த்தோம், சாவி கிடைக்கவில்லை. சாவியில் கோக்கிற மிதவைக் கட்டை உங்கள் கடை வாசலில் சரம் சரமாகத் தொங்குகிறது. சொந்தப் படகுக்கு ஒன்று கொடுக்க உங்களுக்கு மனசு வரவில்லை. கொடுத்திருந்தால் சாவி மிதந்திருக்கும், உங்கள் வீரமும் கொஞ்சம் மிதந்திருக்கும்.

என்ன காரியம் செய்தீர்கள் என்று உங்களுக்குத் தெரியுமா? அந்தக் கம்பெனி இந்த சீசன் முழுவதும், ஞாயிறுதோறும், ஆட்களை உல்லாசப் பயணத்துக்கு அனுப்புவதாக இருந்தது. ஒரு ஞாயிறு இல்லை, எல்லா ஞாயிறும். அதற்காக நான் போன மழைக்காலம் முழுக்க அலைந்தேன். படகுக்கு வெள்ளை அடித்தேன். சீட்டுக்கு நீல உறை தைத்தேன். அந்த மனிதர் ஆபீஸ் வாசலில் காவலாளியோடு சேர்ந்து நானும் காவல் காத்தேன். வந்த முதல் நாளே நீங்கள் எறிந்தது சாவியை இல்லை, என் சட்டையைப் பிடித்து என்னையே எறிந்தீர்கள்.

கவர் பிரிக்காததைப் பற்றி நீங்கள் பேசலாமா? அந்த ஜாக்கெட்டுகள் உங்கள் கடைச் சரக்கு. எனக்குக் கொடுத்த பில்லில் சிவப்பு முத்திரை யார் அடித்தது? "கவர் பிரித்த சரக்கு திரும்பப் பெறப்படமாட்டாது." வழியில் போகிற வாடிக்கைக்காரனுக்கும் அதே முத்திரை, சொந்தக் கொழுந்தனுக்கும் அதே முத்திரை. ஞாயிற்றுக்கிழமை படகில் ஏற்றுவது, திங்கட்கிழமை புதுசாக ஷெல்ஃபுக்கு அனுப்புவது. இந்த வித்தையை எனக்கு யார் கற்றுக்கொடுத்தார்கள்? ஏரியிலா கற்றேன்?

கண்ணாடிக்காரரிடம் காலில் விழாத குறையாகப் பேசி வரும் ஞாயிற்றுக்கிழமைக்குச் சம்மதம் வாங்கியிருக்கிறேன். அவர் சொன்னது இது: "உங்க அண்ணி வந்து ஒரு ஸாரி சொல்லட்டும். மத்ததை நான் மறந்துடுறேன்."

ஆகவே நீங்கள் ஞாயிற்றுக்கிழமைக்குள் வந்து சொல்லவேண்டும். துறையில், எல்லார் முன்னாலும். எங்கே எறிந்தீர்களோ அங்கே. வராவிட்டால் பங்கைப் பிரித்துக்கொள்ளலாம். படகுகள் எனக்கு, கடை உங்களுக்கு. கடைப் பெயர்ப் பலகையில் இரண்டு பேர் பெயரும் இனி வேண்டாம். அண்ணனிடம் சொல்லிவிட்டேன். தலையாட்டினார்.

இப்படிக்கு,
உங்கள் வாடிக்கைக்காரன்


மார்ச் 6, வெள்ளி
கடையிலிருந்து

தம்பிக்கு,

ஸாரி என்கிற சரக்கு நம் கடையில் கிடையாது. வரவழைத்துத் தருகிற எண்ணமும் இல்லை. உன் அண்ணனைக் கல்யாணம் செய்த புதிதில், நடைபாதையில் ஒரு குடையை விரித்துக் கயிறும் தார்ப்பாயும் விற்றேன். அப்போது வாங்காமல் வம்பு பேசிப் போனவர்களிடமே நான் அந்த வார்த்தையைச் சொன்னதில்லை. கறுப்புக் கண்ணாடிக்குச் சொல்வேனா?

பங்கு பிரிக்கவேண்டும் என்றால் பிரிப்போம். மிரட்டுவதற்காகச் சொன்னாய் என்றால், அந்தக் காசு செல்லாது. நிஜமாகச் சொன்னாய் என்றால், ஒரு நல்ல நாளில் உட்கார்ந்து பேசுவோம். அதற்காக நான் ஒரு நாள்கூடத் தூக்கம் கெட மாட்டேன். இதை எழுதுகிற கையைப் பார்த்து உன் அண்ணன், "அப்போ ஏன் பேனாவை இந்த அழுத்து அழுத்துறே?" என்றார். அவரை டீ போட அனுப்பிவிட்டேன்.

மாற்றுச் சாவி இதோடு வருகிறது. பாதிப் படகு உன்னுடையது, சாவியைப் பிடித்து வைக்க எனக்கு உரிமை இல்லை. மிதவைக் கட்டை ஒன்றும் கோத்திருக்கிறேன். பில் போடவில்லை.

சாவியைக் கொடுத்த கையோடு சிலதைச் சொல்லிவிடுகிறேன். நீ கேட்கமாட்டாய். சொல்லாமல் விட்டேன் என்று நாளைக்கு யாரும் சொல்லக்கூடாது.

படகைத் தண்ணீரில் இறக்கும் முன், அடியில் தண்ணீர் வடிகிற ஓட்டையை அடைக்கும் அடித்தக்கை இருக்கிறதா என்று உன் கையால் தொட்டுப் பார். கழுவி விட்டவர் மாட்டியிருப்பார் என்று நம்பாதே. சாவியைத் திருப்பும் முன் என்ஜின் மூடியைத் திறந்து வைத்துக் காற்றுப் போக விடு, அப்புறம் குனிந்து மோந்து பார். பெட்ரோல் வாடை கொஞ்சம் அடித்தாலும் சாவியைத் தொடாதே. டாங்கியை மூன்று பாகமாக நினைத்துக்கொள்: ஒரு பாகம் போக, ஒரு பாகம் வர, ஒரு பாகம் இருக்கிறது என்பதையே மறந்துவிட. எங்கே போகிறாய், எப்போது திரும்புவாய் என்று உன் மனைவியிடம் சொல்லிவிட்டுப் போ. பிந்தினால் யாரைக் கூப்பிடவேண்டும் என்பதையும் சொல். மேகத்தைப் பார். கண்ணாடிக்காரரின் பையில் பாட்டில் இருக்கிறதா என்றும் பார்.

இன்னொன்று. ஓட்டுகிறவர் இடுப்பில் மாட்டிக்கொள்ள ஒரு சிவப்புச் சுருள் கயிறு என்ஜினில் தொங்குகிறது. ஓட்டுகிறவர் விழுந்தால் கயிறு பிடுங்கிக்கொண்டு வந்துவிடும், என்ஜின் அந்த நிமிஷமே நின்றுவிடும். நீ அதை வேகப் பிடியைச் சுற்றி அழகாகக் கட்டி வைத்திருக்கிறாய். கையில் இடிக்கிறது என்று யாரிடமோ சொல்லிக்கொண்டிருந்தாய், என் காதில் விழுந்தது. இடிக்கட்டும்.

சிவப்பு முத்திரையைப் பற்றிக் கேட்டிருந்தாய். அது கடை விஷயம். கடை விஷயத்தைக் கடையில் பேசுவோம்.

அண்ணி


மார்ச் 9, திங்கள்
படகுத்துறை

அண்ணி அவர்களுக்கு,

ஞாயிற்றுக்கிழமைச் சவாரி நல்லபடியாக முடிந்தது. எல்லாரும் சந்தோஷமாகத் திரும்பினார்கள்.

இனி உங்கள் கடைச் சரக்கு எங்களுக்கு வேண்டாம். லைஃப் ஜாக்கெட்டுகள் அனைத்தையும் இந்த லாரியிலேயே திருப்பி அனுப்பியிருக்கிறோம். ஒன்றின் கவரும் பிரிக்கவில்லை. நீங்கள் கிழித்த சின்னது மட்டும் இங்கே இருக்கிறது, அதன் விலையைக் கழித்துக்கொள்ளவும்.

பங்கு பிரிப்பதற்கான நாளைத் தெரிவிக்கவும்.


மார்ச் 11, புதன்
கடையிலிருந்து

தம்பிக்கு,

சரக்கு வந்தது. எண்ணிக்கை சரி. கவரும் பிரிக்கவில்லை, ஒப்புக்கொள்கிறேன்.

ஆனால் நான் சரக்கைத் தொட்டுப் பார்க்காமல் கையெழுத்துப் போடுகிறவள் இல்லை. கட்டின் நடுவில் இருந்த பெரிய சைஸ் ஒன்று ஈரம். கவருக்கு உள்ளே இல்லை, வெளியே. மடிப்பில் ஏரிப் பாசி ஒட்டியிருக்கிறது. கட்டின் மற்ற ஜாக்கெட்டுகள் காய்ந்து கிடக்கின்றன. மழை பெய்து லாரி நனைந்தது என்று எழுதாதே, லாரிக்காரரைக் கேட்டுவிட்டேன்.

அந்தக் கவரின் ஒரு மூலையைக் கடித்து இழுத்திருக்கிறார்கள். பிளாஸ்டிக் வெள்ளையாக நீண்டு, முறுக்கிக்கொண்டு, கிழியாமல் நிற்கிறது. எலி என்று உன் அண்ணன் சொன்னார். கோடவுனில் எலியோடு பாதி ஆயுசு கழித்தவள் நான். எலி கொறிக்கும். இப்படிக் கவ்வி இழுக்காது. தவிர, எலிக்கு முன்பல் இரண்டுக்கும் நடுவே அவ்வளவு பெரிய சந்து கிடையாது. அந்தச் சந்து எனக்குத் தெரியும். பெண் பார்க்கப் போன வீட்டில் அதை மறைக்க நீ வாயே திறக்காமல் உட்கார்ந்திருந்தாய். பையன் ஊமையா என்று பெண்ணின் சித்தி என்னிடம் கேட்டாள்.

உன் கடைசிக் கடிதம் உன் மனைவியின் கையெழுத்து. அவள் 'எங்களுக்கு' என்று எழுதுகிறவள், நீ 'எனக்கு' என்று எழுதுகிறவன். உன் வலது கைக்கு என்ன?

பங்கு பிரிக்க எந்த நாளும் எனக்குச் சம்மதம். முதலில் இதற்குப் பதில் எழுது. உன் மனைவிக்குப் போன் செய்தேன், "அவர்தான் சொல்லணும் அக்கா" என்று அழுதாள். நான் வண்டி பிடித்து வந்திருப்பேன். வந்தால் நீ கதவைச் சாத்திக்கொண்டு இன்னும் ஒரு மாதம் பேசமாட்டாய். உன் வீம்பு எனக்குத் தெரியும். அதனால் வரவில்லை.

எழுது. இடது கையால் எழுது, எனக்குப் படிக்க வரும்.

அண்ணி


மார்ச் 14, சனி
படகுத்துறை

அண்ணி,

இடது கைதான். கோணலாக இருந்தால் கோணலாகப் படித்துக்கொள்ளுங்கள்.

விழுந்தது நான்.

நீங்கள் எழுதியதில் முக்கால்வாசியைச் செய்தேன். நீங்கள் ஜெயித்தது மாதிரி ஆகிவிடக் கூடாது என்று யாரும் பார்க்காதபோது செய்தேன். அடித்தக்கையைத் தொட்டுப் பார்த்தேன். மோந்து பார்த்தேன். எரிபொருள் பார்த்தேன். வீட்டில் சொல்லிவிட்டுப் போனேன். ஆளைக்கூடக் குறைத்தேன், ஸாரி வரவில்லையே, ஆளும் குறைகிறதே என்ற கண்ணாடிக்காரரின் முணுமுணுப்பைப் பொறுத்துக்கொண்டு எட்டுப் பேருக்கு மேல் ஏற்றவில்லை. செய்யாதது இரண்டுதான். கயிறு பிடியிலேயே சுற்றிக் கிடந்தது. ஜாக்கெட் பெட்டிக்குள்ளேயே கிடந்தது. பொடிசு மட்டும் நீங்கள் மாட்டிய அன்றிலிருந்து அதைக் கழற்றமாட்டேன் என்று அடம், தூங்கும்போதும் போட்டுக்கொண்டு தூங்குகிறாள், அதோடுதான் வந்தாள்.

ஏரி நடுவில் கண்ணாடிக்காரர் போட்டோவுக்கு எழுந்து நின்றார். "இன்னும் கொஞ்சம் ஸ்பீடு குடுங்க பாஸ், தண்ணி தெறிக்கணும்!" உட்காருங்கள் என்று கத்துவதற்கு நானும் பாதி எழுந்தேன். பக்கத்தில் ஒரு படகு வேகமாகப் போனது. அதன் அலை நம் படகின் விலாவில் மோதியது. எழுந்து நின்ற அவர் உள்ளே விழுந்தார், பாதி எழுந்த நான் வெளியே விழுந்தேன்.

நீந்தத் தெரியும், பயமில்லை என்று நினைத்தேன். தலையைத் தூக்கிப் பார்த்தால் படகு நிற்கவில்லை. ஸ்டியரிங் சக்கரம் ஒரு பக்கமாகத் திரும்பி நிற்க, வேகப் பிடி முன்னால் கிடக்க, ஓட்டுகிறவன் இல்லாத படகு வட்டம் போட்டுக்கொண்டு என்னை நோக்கியே வருகிறது. அண்ணி, நான் வெள்ளையடித்த படகு. நான் உறை தைத்த படகு. அது என்னைத் தேடிக்கொண்டு வருகிற மாதிரி இருந்தது. முழுகினேன். தலைக்கு மேலே புரொப்பல்லர் போகிற சத்தத்தைக் காதால் கேட்கவில்லை, பல்லால் கேட்டேன். மேலே வந்தபோது கையைத் தூக்கியிருக்கிறேன் போல, படகின் பின் ஏணி அடித்துக் கிழித்துவிட்டது. தையல் போட்டிருக்கிறது. விரல் அசைகிறது.

அதற்குள் மேலே சீட்டைத் தூக்கி, சணலை அவிழ்க்கத் தெரியாமல் இழுத்து, யாரோ ஒரு ஜாக்கெட்டை உருவி எறிந்தார்கள். கவரோடு. கட்டிப் பிடித்தேன், சோப்புக்கட்டி மாதிரி வழுக்கி வழுக்கிப் போனது. கிழிக்க நகம் ஏறவில்லை. வாயால் கவ்வி இழுத்தேன். உங்கள் கடைக் கவர் நல்ல தரம் அண்ணி. அதில் யாரும் குறை சொல்ல முடியாது.

ஒன்று சொல்கிறேன், சிரிக்கவேண்டாம். அதைக் கடித்தபோது, படகு அடுத்த வட்டத்துக்குத் திரும்பிக்கொண்டிருந்தபோது, என் மூளையில் ஓடியது சாமி பெயரில்லை. 'கிழிச்சா திருப்பி எடுக்க மாட்டாங்களே' என்று ஓடியது. ஒரு நொடிதான். ஆனால் ஓடியது. அந்த ஒரு நொடி நான் இழுப்பதை நிறுத்தினேன். சாகப்போகிறவனுக்கு வருகிற யோசனையா இது?

படகை நிறுத்தியது அந்தக் கம்பெனியில் கணக்குப் பார்க்கிற அம்மா. மற்ற எல்லாரும் என் பக்கம் கை நீட்டிக் கத்திக்கொண்டிருக்க, அவர் எழுந்துபோய் சுருள் கயிற்றைப் பிடித்து ஒரே இழுப்பாக இழுத்துவிட்டார். கிளம்பும்போது "இது என்ன கயிறுங்க?" என்று அவர் கேட்டதற்கு, "இழுத்தா வண்டி நின்னுடும்மா, தொட்டுடாதீங்க" என்று நானே கிண்டலாகச் சொல்லியிருந்தேன். அந்தக் கிண்டல்தான் என் உயிரை மிச்சம் வைத்தது.

பொடிசு அழவில்லை. கரைக்கு வந்ததும், "அப்பா, உன்னோடதை ஏன் கவர்ல வெச்சிருந்தே?" என்று கேட்டாள்.

மறுநாள் கண்ணாடிக்காரர் கூப்பிட்டார். நலம் விசாரிக்கிறார் என்று நினைத்தேன்.

"சும்மா சொல்லக்கூடாது பாஸ், செம த்ரில்லு! ஆபீஸ் முழுக்க அதே பேச்சு. அடுத்த ஞாயித்துக்கிழமை ரெண்டு படகு வேணும்."

"சரி சார். எல்லாரும் ஜாக்கெட் போட்டுக்கணும்."

"அட, நீங்களும் உங்க அண்ணி மாதிரி ஆரம்பிச்சிட்டீங்களா? போட்டோவுக்கு நல்லா இருக்காதுன்னு சொன்னேனே."

"என் போட்டோ பேப்பர்ல வந்தா அதுவும் நல்லா இருக்காது சார்."

"இத பாருங்க, ஏரியில உங்களோடது மட்டும்தான் படகா?"

"இல்ல சார். நிறைய இருக்கு. பாத்துக்கோங்க."

வைத்துவிட்டேன். சீசன் போச்சு. போகட்டும். அந்த நஷ்டம் என் தலையில், உங்களிடம் ஒரு பைசா கேட்கமாட்டேன். நீங்கள் சொன்னதால் செய்தேன் என்று மட்டும் நினைத்துக்கொள்ளாதீர்கள். எனக்கு அந்தச் சத்தம் இன்னும் பல்லில் இருக்கிறது, அதனால் செய்தேன். உங்களிடம் நானும் ஸாரி சொல்லப்போவதில்லை. அந்தச் சரக்கு எங்கள் துறையிலும் இல்லை.

இனிமேல் சேர்ந்து நடத்துவதென்றால் இரண்டு நிபந்தனை. ஒன்று, அந்தச் சிவப்பு முத்திரை படகுக்கு வருகிற எந்தப் பொருளிலும் இருக்கக்கூடாது. படகில் ஏறுகிற ஜாக்கெட் படகுக்கே சொந்தம், ஷெல்ஃபுக்குத் திரும்பாது. இரண்டு, ஞாயிற்றுக்கிழமைகளில் நீங்கள் துறைப்பக்கம் வரக்கூடாது. ஓட்டுகிறவன் நான். எல்லார் முன்னாலும் நான் கை நீட்டுகிற எதையும் இனி யாரும் பிடுங்கக்கூடாது.

சம்மதமில்லை என்றால் பத்திரம் எழுதுகிறவரைக் கூட்டிக்கொண்டு வாருங்கள்.

கொழுந்தன்


மார்ச் 16, திங்கள்
கடையிலிருந்து

தம்பிக்கு,

உன் கடிதத்தைக் கடை நடுவில் நின்று படித்தேன். வாடிக்கைக்காரர் ஒருவர் நைலான் கயிறு என்ன விலை என்று கேட்டுக்கொண்டே இருந்திருக்கிறார். பதில் சொல்லாததால் போய்விட்டார். போகட்டும்.

பிறகு நீ திருப்பி அனுப்பிய ஜாக்கெட்டுகளைக் கவுண்டர்மேல் கொட்டிக் கத்தரிக்கோலை எடுத்தேன். ஒவ்வொரு கவராகக் கிழித்தேன். உன் அண்ணன் வந்து பார்த்தார்.

"எல்லாத்தையுமா?"

"எல்லாத்தையும்தான்."

அவர் தலையாட்டவில்லை. முதல்முறையாகப் பேப்பரைக் கீழே வைத்துவிட்டு வந்து, கொக்கி மாட்டுகிறதா, பட்டை இறுகுகிறதா என்று ஒவ்வொன்றாகப் போட்டுப் பார்த்தார். தம்பி சைஸ் எது என்று கேட்டார். உன் பல் பட்ட கவரை மட்டும் நான் கிழிக்கவில்லை. அவர் கையில் கொடுத்தேன், அவர் கிழித்தார்.

உன் முதல் நிபந்தனைக்குப் பதில் இந்த லாரியில் வருகிறது. பிரித்துப் பார். அதைப் பற்றி நான் வேறு எதுவும் எழுதுவதாக இல்லை.

இரண்டாவது நிபந்தனை முடியாது. நான் வருவேன். ஞாயிற்றுக்கிழமையும் வருவேன், மற்ற நாளும் வருவேன். பாதிப் படகு என்னுடையது, அதைப் பார்க்க எனக்கு யாரிடமும் சீட்டு வாங்கவேண்டியதில்லை. உன்னை எல்லார் முன்னாலும் சின்னவனாக்கிவிட்டேன் என்கிறாய். அன்று அந்தப் படகு கிளம்பியிருந்தால், பதினொரு பேரோடும் உன் பெண்ணோடும் வட்டம் போட்டிருந்தால், நீ யார் முன்னால் பெரியவனாக நின்றிருப்பாய் என்று யோசித்துப் பார். இன்னொரு தடவை அப்படி ஏற்றினால் இன்னொரு தடவை பிடுங்குவேன். இதை மிரட்டலாக எடுத்துக்கொள்ளாதே, முன்கூட்டியே கொடுக்கிற தகவலாக எடுத்துக்கொள்.

என் பக்கத்திலிருந்தும் ஒன்று. ஜாக்கெட் போடமாட்டேன் என்கிறவருக்குப் பணத்தைத் திருப்பிக் கொடுத்து இறக்கிவிடு. வாதாடாதே. நீ வாதாட ஆரம்பித்தால் பாதியில் உனக்கே இரக்கம் வந்துவிடும்.

பத்திரக்காரர் வீட்டுக்குப் போகும் வழியைக் கேட்டுவைத்திருக்கிறேன். இன்னும் போகவில்லை.

அண்ணி


மார்ச் 18, புதன்
படகுத்துறை

அண்ணி,

மூட்டை வந்தது. ஒன்றிலும் கவர் இல்லை. பில்லும் இல்லை. லாரிக்காரர், "உங்க அண்ணி பில் போடாம சரக்கு அனுப்புனதை என் வாழ்க்கையில இன்னிக்குத்தான் பாக்குறேன், உடம்புக்கு ஏதும் சரியில்லையா?" என்று கேட்டார். நன்றாகத்தான் இருக்கிறார், சண்டை போடுகிறார் என்றேன்.

துறைக்கு வாருங்கள். தடுத்தால் நீங்கள் நிற்கப்போவதில்லை. ஆனால் இதைக் கேளுங்கள், இதை மட்டும் நான் விட்டுக்கொடுக்கமாட்டேன். அன்று நான் தண்ணீரில் கிடந்தபோது படகில் ஆளுக்கு ஒரு விதமாகக் கத்தினார்கள். லெஃப்டு, ரைட்டு, நிறுத்து, குதி. ஒரு வாய் சொல்லியிருந்தால் போதும். ஓடுகிற படகில் இரண்டு முதலாளி கூடாது. நீங்கள் ஏறினால் நீங்களும் பயணி. நான் உட்கார் என்றால் உட்காரவேண்டும். திரும்பலாம் என்றால் திரும்பவேண்டும், அக்கரையில் உங்கள் பெரிய வாடிக்கைக்காரரே காத்திருந்தாலும். எனக்கு மேகம் பிடிக்கவில்லை என்றால் அன்றைக்குக் கடை மூடியாகிவிட்டது என்று அர்த்தம். "போன வாரம் போனாயே" என்று கேட்கக்கூடாது.

பணம் திருப்பிக் கொடுப்பது சரிதான். ஆனால் அது யார் கையிலிருந்து போகிறது என்று நீங்கள் எழுதவில்லை. மறந்துவிட்டீர்களா, அல்லது நான் கேட்காமல் விடுவேன் என்று பார்த்தீர்களா?

உங்கள் நம்பரைத் திறந்துவிட்டேன். ஆனால் கூப்பிடவேண்டாம். போனில் பேசினால் நீங்கள்தான் ஜெயிப்பீர்கள். என்னென்ன என்று முடிவாக எழுதி அனுப்புங்கள். சம்மதமென்றால் அதன் அடியில் கையெழுத்துப் போட்டு அனுப்புகிறேன். வலது கையால். இன்று பேனா பிடித்துப் பார்த்தேன்.

பொடிசு உங்களுக்கு என்ன சைஸ் என்று கேட்கச் சொன்னாள்.

கொழுந்தன்


மார்ச் 20, வெள்ளி
கடையிலிருந்து

தம்பிக்கு,

மறக்கவில்லை. நீ கேட்கிறாயா என்று பார்த்தேன். கேட்டாய். அந்தக் கம்பெனிக்காரரிடமும் முதல் நாளே இப்படிக் கேட்டிருந்தால் உன் கைக்குத் தையல் வந்திருக்காது.

என் சைஸ் பெரியது. பொடிசிடம் சொல், பட்டையை அவளே இறுக்கிவிடலாம்.

முடிவாக எழுதுகிறேன். உன் அண்ணன் பக்கத்தில் உட்கார்ந்து ஒவ்வொரு வரியாகப் படிக்கிறார். ஒரு இடத்தில் "இது நியாயமில்லை" என்றார், அது எனக்குச் சாதகமான இடம். திருத்திவிட்டேன்.

படகு கயிற்றில் கட்டியிருக்கும்வரை அது கரை. கரையில் என் சொல். எத்தனை பேர் ஏறுவது, யார் இறங்குவது, ஜாக்கெட் யார் போடவில்லை என்பதெல்லாம் அதில் அடக்கம். உன் மனைவி அங்கேதான் இருக்கிறாள். நான் இல்லாத நாளில் கரையில் அவள் சொல்லே என் சொல். அவளை அழுகிறவள் என்று நினைக்காதே, என்னைவிடக் கெட்டிக்காரி.

கடைசிக் கயிறு அவிழ்ந்ததும் அது தண்ணீர். தண்ணீரில் உன் சொல். நான் படகிலேயே உட்கார்ந்திருந்தாலும் உன் சொல்தான். வாயைத் திறக்கமாட்டேன். மேகம் உனக்குப் பிடிக்கவில்லை என்றால் எனக்கும் பிடிக்கவில்லை. ஏன் என்று கேட்கமாட்டேன்.

சுருள் கயிறு உன் இடுப்பில் இல்லாவிட்டால் சாவி திரும்பாது. நீயே ஓட்டினாலும், நாளைக்கு வேறு ஆள் வைத்தாலும்.

போட மறுத்து இறங்குகிறவருக்கு முழுப் பணமும் திரும்ப. அது உன் பங்கில் பாதி, என் பங்கில் பாதி.

ஜாக்கெட்டுகள் படகுக்குச் சொந்தம். பழையதானால் புதிது. விலை கடைக் கணக்கில்.

கம்பெனிக்காரர் போன நஷ்டத்தை உன் தலையில் எழுதிக்கொண்டிருந்தாய். அதை அடித்துவிட்டேன். இந்த சீசன் முழுவதற்கும் அதில் பாதி உனக்கு, பாதி எனக்கு.

அண்ணி